சதுப்பு நிலத்தின் மூச்சு

சுவீடன் நாட்டின் வடகோடியிலே, அபிஸ்கோவுக்கு அண்மையில் ஸ்டோர்டாலன் சதுப்பு நிலம் உளது. அங்கே நெடுங்காலம் உறைந்து கிடந்த மண் இன்று இளகி வருகின்றது. இளகி நீர் தேங்கிய இடங்களில் நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. அவ்வாயு புவியைச் சூடாக்கும். சூடு ஏற ஏற மண் மேலும் இளகும். ஆதலின் வெளியேறும் வாயுவை அளத்தல் இன்றியமையாததாகும்.

காற்றின் பத்து இலட்சம் பங்கில் மெதேன் ஏறத்தாழ 2 பங்கே. அதனை அளப்பது எங்ஙனம்? மெதேன் உறிஞ்சும் அலைநீளமுடைய இலேசர் ஒளியைக் காற்றினூடே செலுத்துவர். ஒளி குறையும் அளவைக் கொண்டு வாயுவின் அளவை அறிவர். அருகிருக்கும் மற்றொரு கருவி காற்றின் ஏற்ற இறக்கத்தைப் பதியும். செக்கனுக்குப் 10 முறை எடுக்கும் இவ்விரு அளவுகளையும் இணைத்தால், மேலெழுங் காற்று கொண்டு செல்வதும் கீழிறங்குங் காற்று கொணர்வதும் புலனாகும். அவற்றின் வேறுபாடே, மண்ணைத் தீண்டாமல் அளந்த நிலத்தின் மூச்சு.