கண்ணாடி துடைக்க ஏற்ற துணி

ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் தறியிலிருந்து இறங்கிய புதுப் பருத்தித் துணியால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தால், நீர் துணியில் ஏறாது. கோடும் பஞ்சிழையுமே கண்ணாடியில் தங்கும். பலமுறை துவைத்த பழைய வேட்டித் துண்டோ பளிச்சென்று துடைத்துவிடும். இரண்டும் பருத்தியே, வேறுபாடு யாது?

புதுத்துணியில் நாம் பாவுக்கு இட்ட கஞ்சியும், பருத்திக்கு இயல்பான மெழுகும் இருக்கின்றன. இவை நீரை உறிஞ்சவொட்டாமல் தடுக்கின்றன. சலவைச் சோடா கரைத்த நீரில் கொதிக்கவைத்து நன்றாக அலசினால் இவை நீங்கும். கழிவுப்பஞ்சு நூலில் குட்டை இழைகள் மிகுதி, அவை உதிரும். ஆகவே அவற்றைச் சீவி நீக்கிய கோம்டு நூலே இதற்குத் தகும். சாயமிடாத வெள்ளை நன்று.

கண்ணாடி துடைப்பதைத் தொழிலாகக் கொண்டோர் நீரை ரப்பர் பட்டையால் வழித்துவிட்டு, ஓரங்களையும் மூலைகளையும் துணியால் ஒற்றி எடுப்பர். இன்று அவர்கள் பெரிதும் நாடுவது மைக்ரோஃபைபர். 9,000 மீட்டர் நீள இழை 1 கிராம்கூட நிறையாத அத்துணை நுண்மை அதற்கு உண்டு. பிசுக்கை அது நன்கு பற்றுவதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், துவைக்குந்தோறும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளை நீரில் விடுகிறது. பருத்தியோ கொதிநீரைத் தாங்கும், நனைந்தால் வலுக்கூடும், மண்ணில் மட்கும்.

விறைப்பாக இருந்தால்தான் துணி விற்கும் என்னும் எண்ணம் இச்சரக்குக்குப் பொருந்தாது. அனுப்புமுன் துணிமீது ஒரு துளி நீர் விட்டுப் பார்ப்போம். உடனே பரவி மறைந்தால் கட்டி அனுப்பலாம். முத்தாக நின்றால் மீண்டும் கொதிநீருக்கே அனுப்புவோம். அந்தத் துளியைப் பொறுத்ததே வாங்கியவர் மறுமுறை நம்மிடம் வருவது.