மாய உலகில் மண்ணுலகப் பாடம்

மலையொன்றை வரைபடத்திற் காண்பது வேறு. அதன் உச்சியில் நின்று பள்ளத்தாக்கை நோக்குவது வேறு. புவியியற் பாடத்திலே மாணவர் சமவுயரக் கோடுகளைப் பிழையின்றி வரைவர். ஆயினும், நெருங்கிய கோடுகள் குறிக்கும் செங்குத்துச் சரிவை மனக்கண்ணாற் காண்போர் சிலரே. தட்டையான தாளில் உயரமும் ஆழமும் அசைவும் எளிதில் அடங்கா.

இக்குறையை நீக்கக் கணினி தந்துள்ள கருவிகளுள் ஒன்று முப்பரிமாண மாய உலகம். மாணவன் திரையிலே தனக்கென ஓர் உருவப் பாவையை இயக்கி, அவ்வுலகினுள் நடக்கிறான், பறக்கிறான், கடலடிக்கும் இறங்குகிறான். 2003ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே, இரண்டாம் வாழ்வு எனப் பொருள்படும் ‘செக்கண்ட் லைவ்’ என்னும் மாய உலகம் தொடங்கப்பெற்றது. அந்நாட்டின் தேசிய சமுத்திர, வளிமண்டல நிருவாகம் அதனுள்ளே ஒரு தீவை அமைத்தது. அங்குச் சென்றோர் சூறாவளியினூடே விமானத்திற் பறந்தனர். பனிக்கட்டியாறு உருகுவதைப் பார்த்தனர். கரையைச் சுனாமி தாக்குவதையும் கண்டனர்.

இதனை வெறும் விளையாட்டென ஒதுக்குதல் இலங்கையர்க்கு இயலாது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடித் தரை அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலைகள் இலங்கையின் கீழைக்கரையை அடைந்தன. சில இடங்களிற் கடல் உள்வாங்கிற்று. வெளிப்பட்ட தரையைக் காணவும் மீன் பொறுக்கவும் சென்றோர் பலர் மீளவில்லை. இத்தீவில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அதே நாளில், தாய்லாந்தின் புக்கெட் தீவிலே பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பிற் கற்ற பாடம் அவள் நினைவுக்கு வந்தது. அவ்வகுப்பில் ஆசிரியர் பழைய சுனாமி ஒன்றின் அசையும் படத்தைக் காட்டியிருந்தார். அவள் எச்சரித்ததால் ஏறத்தாழ நூறு பேர் கரையைவிட்டு அகன்று உயிர்தப்பினர்.

மாய உலகம் அசையும் படத்தினும் ஒரு படி மேலே செல்லவல்லது. 4,000 மீற்றர் ஆழக் கடலிற் சுனாமி மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அங்கே அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீற்றருக்கும் குறைவு. கப்பலில் இருப்போர் அதனை உணரார். ஆழம் 10 மீற்றராகக் குறையும்போது வேகமும் ஏறத்தாழ 36 கிலோமீற்றராகக் குறைகிறது. பின்னே வரும் நீர் முன்னே செல்லும் நீரை நெருக்க, அலை உயர்கிறது. மாணவன் கடலடியின் சரிவை மாற்றி மாற்றி அமைத்து, அலையின் போக்கு எவ்வாறு வேறுபடுகிறதென்பதைத் தானே கண்டறியலாம்.

ஆயினும் இங்கே ஆசிரியரின் துணை இன்றியமையாதது. மென்சரிவு கண்ணுக்குப் புலனாகவேண்டுமெனத் திரையில் உயரத்தைப் பெருக்கிக் காட்டுவர். மணித்தியாலங்களை நிமிடங்களாகச் சுருக்குவர். இதனை எடுத்துக்கூறாவிடின், முதல் அலையோடு ஆபத்து நீங்கிற்றென மாணவர் கருதிவிடக்கூடும். உண்மையிலோ அலைகள் பல மணி நேரம் தொடர்ந்து வரலாம்; பின்வருவது முன்வந்ததிலும் பெரிதாயிருக்கலாம்.

ஆகவே, திரையிற் கண்டதைத் தம் ஊரோடு பொருத்திப் பார்த்தலே பாடத்தின் நிறைவாகும். கடல் உள்வாங்கினால் எத்திசையில் ஓடுவது, அண்மையிலுள்ள மேட்டுநிலம் எது, அங்குச் சேர எத்தனை நிமிடமாகும் என்பவற்றைக் கரையோரப் பாடசாலை மாணவர் ஒவ்வொருவரும் நடந்து சென்றே அறிந்திருத்தல் வேண்டும். கணினி இல்லாத பாடசாலையிலும் அப்பாடம் நடத்தற்குரியதே.