படத்தைக் கொடு, பிஸ்கட்டை வாங்கு

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியாதபோது அழும், பறிக்கும், சில நேரம் கடிக்கும். அடம் என்று பெயர் வைப்பது எளிது. பெரும்பாலும் அதுவும் ஒரு கேட்டல்தான். அமெரிக்காவின் டெலவேரில் 1985-இல் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கிய படப் பரிமாற்ற முறை இங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் பிஸ்கட்டுடன் எதிரே உட்காருவார். குழந்தை அதைப் பிடிக்கக் கை நீட்டும்போது, பின்னால் இருப்பவர் அந்தக் கையைப் பிடித்து, பிஸ்கட் படத்தை எடுத்து எதிரில் இருப்பவரிடம் கொடுக்க வைப்பார். படம் வந்த நொடியே பிஸ்கட் கிடைத்தாக வேண்டும். 'என்ன வேணும்?' என்று மட்டும் கேட்கக் கூடாது. அப்படிப் பழகிய குழந்தை, யாராவது கேட்கும்வரை காத்திருக்கும். பின்னாலிருந்து கிடைக்கும் உதவி மெல்லக் குறையும். பிறகு எதிரில் இருப்பவர் தள்ளிப் போவார். குழந்தை தேடிப்போய்க் கொடுக்கும். படங்களைப் பிரித்தறிவதும் வாக்கியம் அமைப்பதும் அதற்கும் பிறகுதான்.