ரத்தம் போனா சேலைன் ஏத்தினாச் சரியா?

மண்டூரில இருந்து பேசுறன். "ரத்தம் நிறையப் போனா ரெண்டு போத்தல் சேலைன் ஏத்தினாச் சரிதானே, அதுக்கு ஏன் நாயையும் பன்றியையும் வைச்சு ஆராய்ச்சி?" எண்டு கனபேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீங்க. ரத்தம் குறைஞ்சு பிரஷர் விழுறதைத்தான் ஷொக் எண்டுறது. நேரா விசயத்துக்கு வாறன்.

நசுங்கின தசையில இருந்து ஏதோ நஞ்சு ஊறித்தான் பிரஷர் விழுது எண்டு ஒரு காலத்தில பெரிய டொக்டர்மாரே நம்பினாங்க. 1930இல அமெரிக்காவில அல்பிரட் பிளாலொக் நாயின்ட அடிபட்ட காலையும் படாத காலையும் நிறுத்துப் பாத்தார். போன ரத்தமும் நீரும் வீங்கின காலுக்குள்ளதான் தேங்கிக் கிடந்தது. பிறகு கார்ல் விகர்ஸ். குழாயால ரத்தத்தை எடுத்து, பிரஷரைக் கீழ இறக்கி, மணித்தியாலக் கணக்கா அப்பிடியே பிடிச்சு வைப்பார். பிறகு எடுத்ததைத் திருப்பிக் குடுப்பார். குடுத்தும் கன நாய் செத்துது. பிந்தினா ரத்தமும் காப்பாத்தாது எண்டு அதில தெரிஞ்சுது.

ஆனா ஒண்டைக் கவனிங்க. அங்க குழாயைப் பூட்டுற கை ஆராய்ச்சியாளர்ட கை. வயல்ல மெசின் வெட்டின காலுக்குப் பூட்டு யார் போடுற?

நாயிலயும் ஒரு சிக்கல் இருக்கு. அதுக்கு மண்ணீரல் ஒரு சேமிப்புப் புத்தகம் மாதிரி. ரத்தம் குறைஞ்ச உடன சுருங்கி, சிவப்பணுவை வெளிய தள்ளும். மனுசருக்கு அந்தளவு சேமிப்பில்ல. பன்றிக்கும் நாய் மாதிரித்தான், அதனால சில ஆய்வில மண்ணீரலை முதல்லயே எடுத்திருவாங்க. மயக்க மருந்து இல்லாமச் செய்யவே கூடாது, அதில எனக்கு ரெண்டாம் பேச்சில்ல. ஆனா அந்த மருந்தே பிரஷரை மாத்தும், அதையும் கணக்கில எடுக்கணும்.

சரி, பூட்டுக்கு வாறன். 1991இல பிக்கல் குழு பன்றியின்ட பெருநாடியில ஓட்டை போட்டு, அதை அடைக்காம விட்டாங்க. சேலைன் மாதிரி ரிங்கர் லக்டேற் வேகமா ஏத்தின 8 பன்றியும் செத்துது, ஏத்தாத 8 பன்றியும் தப்பிச்சுது. பிரஷர் ஏற, உறைஞ்ச கட்டி கழண்டு திரும்ப ஒழுகிச்சு. 1994இல ஹியூஸ்டனில, உடம்பில குத்துப்பட்ட, சூடுபட்ட 598 பேரில பாத்தாங்க: உடன ஏத்தினவங்களில 62 வீதம், ஒபரேஷன் வரைக்கும் பொறுத்தவங்களில 70 வீதம் பிழைச்சாங்க. எல்லாக் காயத்துக்கும் இது பொருந்தாது. தலையில அடிபட்டவங்களுக்குப் பிரஷர் விழவே கூடாது.

இந்தியாவிலயும் ஒரு மருந்து இருக்கு, சென்தாகுவின். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில பிரஷரைக் குறைக்கவெண்டு உருவாக்கினது. ரத்தம் எடுத்த எலிக்குக் கொஞ்சமாக் குடுக்க, நாளத்தை இறுக்கி, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிச்சு. முயல், பன்றி, மனுசர் எண்டு போய் 2020இல அங்க அனுமதி கிடைச்சுது. எனக்கு அதில பெரிய சந்தோசம். ஆனா அதுவும் ஒழுகுற ஓட்டையை அடைக்காது.

நேரம் போச்சு, ரத்தம் ஓடினா என்ன செய்யிறதெண்டு கெதியாச் சொல்றன். துப்பரவான துணியால முழுப் பாரத்தோட அமத்துங்க. எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, ஊறினா மேல இன்னொண்டு வையுங்க. கை கால்ல பீறினா, காயத்துக்கு மேல அகலத் துணியால நிக்கிற வரைக்கும் இறுக்கிக் கட்டுங்க, கட்டின நேரத்தைக் குறிங்க. படுக்க வைச்சுப் போர்த்துங்க, குடிக்கக் குடுக்காதீங்க. அம்புலன்ஸுக்கு 1990 நம்பருக்கு அடிங்க. களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குக் குருமண்வெளிப் பாதையில கடந்தாலும், பட்டிருப்புப் பாலத்தால சுத்தினாலும் அமத்தின கையை எடுக்காதீங்க. காயம் பட்ட நேரத்தை டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்க. ரத்தக்கட்டி கரையாமக் காக்கிற டிரனெக்ஸாமிக் அசிட்டை 3 மணித்தியாலத்துக்குள்ள போட்டாத்தான் பலன். 2010இல 20,000க்கு மேல ஆக்களில பாத்தது.