ஊமையான கணினி

கோடை விடுமுறை கழிந்து நாம் திரும்பி வந்தபோது, சங்க அறையிலிருந்த பழைய கணினி ஊமையாகிக் கிடந்தது. திரை ஒளிர்ந்தது, விசைப்பலகை இயங்கிற்று, ஓசை மட்டும் எழவில்லை. பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "சவுண்ட் கார்டு போய்விட்டது. இதற்கு மாற்று இனிக் கிடைப்பது அரிது. புதுக் கணினி வாங்கிவிடுங்கள்" என்று கூறிச் சென்றார். அவருக்கு ஆன நேரம் ஐந்து நிமிடம். எனக்கு மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. அம்மூன்று மாலைகளிலும் நான் செய்த பிழைகளையும், இறுதியில் கண்ட காரணத்தையும் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். விடுதி அறைகளில் பழைய கணினி வைத்திருப்போர் இன்னும் சிலர் உள்ளனர் அல்லவா?

புதிது வாங்கினால் என்ன என்று கேட்கலாம். நம் இரும்பு அலமாரியில் நாற்பத்தொரு கேசட்டுகள் இருக்கின்றன. பழைய பொங்கல் விழாக்கள், பட்டிமன்றங்கள், பாட்டுப் போட்டிகள் யாவும் அவற்றில்தான் உள்ளன. சிலவற்றின் நாடாவில் வெண்பூஞ்சை படரத் தொடங்கிவிட்டது. அவற்றைக் கணினியில் பதிந்து காப்பது சென்ற ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட வேலை. இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் காதொலிக்கும் ஒலிவாங்கிக்கும் சேர்த்து ஒரே துளைதான் உண்டு. அதன் வழியே உள்ளே செல்வது ஒற்றைத் தடமாகிய ஒலிவாங்கி ஓசையே. கேசட் கருவியிலிருந்து வரும் இரட்டைத் தட ஓசையை ஏற்க அதில் இடமில்லை. யு.எஸ்.பி. வழியே இணைக்கும் நல்ல பெட்டிகள் கடையில் உண்டு. ஆனால், நம் சங்கத்தின் கருவூல நிலையை யாவரும் அறிவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991-ஆம் ஆண்டு இங்கே பயின்ற பழைய உறுப்பினர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். அவ்வாண்டுப் பொங்கல் பட்டிமன்றத்தில் தம்முடன் பேசிய நண்பர் இன்று உயிரோடு இல்லை என்றும், அவருடைய மகள் இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தவள் என்றும், அவர் குரலை அவள் கேட்டதாக நினைவில்லை என்றும் எழுதி, அந்த நாடா கிடைக்குமா என்று வினவியிருந்தார். நாடா கிடைத்தது. பதிவதற்குத்தான் கணினி பேசவில்லை.

ஒலியட்டை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஓசை காற்றில் ஓடும் அலை. கணினிக்கோ எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. கேசட் கருவியிலிருந்து மின்னழுத்த அலையாக வரும் ஓசையை, ஒலியட்டை வினாடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. இரு தடங்களுக்கும் இவ்வாறு குறித்தால் ஒரு நிமிட ஓசைக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் ஆகும். தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்று 950 மெகாபைட்டை விழுங்கிவிடும். ஓசையைக் கேட்கும்போது இதே வேலை தலைகீழாக நடக்கிறது. எண்கள் மின்னலையாகி, ஒலிபெருக்கியை அசைத்து, மறுபடி காற்றலையாகின்றன.

நம் கணினியில் இருப்பது சிங்கப்பூர் கிரியேட்டிவ் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் லைவ் வகை அட்டை. அக்காலத்திற்கு அது உயர்ந்த பொருள். இன்றும் கேசட் பதியப் போதும். கணினி விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டதால், அதை நாம் வலையில் இணைப்பதில்லை.

முதல் மாலை, வெளியிலிருந்து உள்ளே செல்வது என்று தொடங்கினேன். அது சரியான தொடக்கமே. ஒலிபெருக்கியைக் கழற்றி என் கைப்பேசியில் செருகினேன், பாடிற்று. காதொலியை நேரே கேசட் கருவியில் செருகினேன், அதுவும் பேசிற்று. ஆகவே குற்றம் இரண்டிற்கும் நடுவே, கணினியில்தான். துளைகளின் நிறங்களையும் பார்த்தேன். பச்சை, ஓசை வெளிவரும் வழி. நீலம், கேசட் போன்ற கருவிகளிலிருந்து ஓசை உள்ளே வரும் வழி. இளஞ்சிவப்பு, ஒலிவாங்கிக்கு உரியது. ஒலிவாங்கி தருவது சில மில்லிவோல்ட்டே. கேசட் கருவி தருவதோ ஏறத்தாழ மூன்றில் ஒரு வோல்ட். கேசட்டை இளஞ்சிவப்பில் செருகிவிட்டு ஓசை கரகரக்கிறதே என்று வருந்துவோரை நான் பார்த்திருக்கிறேன். நம் செருகிகள் முறைப்படியே இருந்தன.

அடுத்து, திரையிலுள்ள ஒலி அளவுப் பலகை. 'மியூட்' கட்டங்களில் குறி எதுவும் இல்லை. இவ்வகை அட்டைக்கே உரிய பொறி ஒன்று உண்டு. மேம்பட்ட அமைப்புகளில் 'டிஜிட்டல் அவுட்புட் ஒன்லி' என்ற கட்டம் இருக்கும். யாரேனும் அறியாமல் அதைத் தொட்டுவிட்டால், சாதாரண ஒலிபெருக்கி வழி முழுதும் அடைபட்டுப் போகும். அதையும் பார்த்தேன், தொடப்படவில்லை. 'விண்டோஸ் ஆடியோ' என்ற பின்னணிப் பணி நின்றுவிட்டால், நல்ல அட்டையையும் கணினி இல்லையென்று சாதிக்கும். அதுவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அட்டையின் பெயருக்கு அருகே மஞ்சள் நிற வியப்புக்குறி உண்டா என்று தேடினேன். இல்லை. இங்கேதான் நான் கண்ணிருந்தும் காணாதவனானேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இரண்டாம் மாலை, பொறுமை இழந்து பெட்டியைத் திறந்தேன். வடநாட்டுக் கோடைப் புழுதி விரற்கடை அளவு படிந்திருந்தது. மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டே திறக்க வேண்டும். கணினியை நிறுத்திய பின்னரும், செருகி சுவரில் இருக்கும்வரை உள்ளே 5 வோல்ட் காத்துக்கொண்டே இருக்கும். கையிலுள்ள நிலைமின்சாரம் போக, பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டேன். அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, வேறொரு செருகிடத்தில் பொருத்தினேன். மின்தேக்கிகளின் தலை வீங்கியிருக்கிறதா என்றும் நோக்கினேன். 1999 முதல் 2007 வரை வந்த பலகைகள் பலவற்றில் குறைபட்ட மின்தேக்கிகள் வீங்கிக் கசிந்து கெட்டன. நம்முடையவை தட்டையாகவே இருந்தன.

செருகியை மாட்டி இயக்கினேன். கறுப்புத் திரையில் ஏதோ பிழைச் செய்தி வந்து, எஃப்1 விசையை அழுத்துக என்றது. அழுத்தினேன். எல்லாரும் அதைத்தானே செய்கிறோம்! விண்டோஸ் வந்தது. மூலையில் 2003 ஜனவரி முதல் தேதி என்று காட்டிற்று. நான் பெட்டியைத் திறந்ததால் நேர்ந்தது என்று எண்ணி, தேதியைத் திருத்திவிட்டேன். ஓசை வரவில்லை. டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். அப்போதும் வரவில்லை. கடைக்காரர் சொன்னதே மெய் என்று எண்ணி, அன்றிரவு கோயம்புத்தூருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதக்கூடத் தொடங்கினேன்.

மூன்றாம் மாலை, இயற்பியல் துறையில் ஆய்வு செய்யும் அண்ணன் ஒருவர் நல்ல யோசனை சொன்னார். "தம்பி, அட்டை கெட்டதா, விண்டோஸ் கெட்டதா என்று நீ இன்னும் பிரித்துப் பார்க்கவில்லையே" என்றார். பப்பி லினக்ஸ் என்பது குறுந்தட்டிலிருந்தே ஓடக்கூடிய சிறு இயங்குதளம், வன்தட்டைத் தொடாது. விண்டோஸில் உள்ள குழப்பம் எதுவும் அதற்குத் தெரியாது. அதிலும் அட்டை பெயரளவிற்குக்கூடத் தென்படாவிட்டால், வேறு செருகிடத்திலும் தென்படாவிட்டால், அப்போது அட்டை இறந்தது என்று முடிவு கட்டலாம். அதில் கணினியை எழுப்பி, ஒலிக்கருவிகளின் பட்டியலைக் கேட்டேன்.

பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன.

ஒன்று நம் அட்டை. மற்றொன்று மதர்போர்டிலேயே பதிந்துள்ள ஒலிச் சில்லு. அதுதான் முதலிடத்தில் இருந்தது. நம் கணினியில் அதை யாரும் பயன்படுத்தியதே இல்லை. முன்னிருந்த செயலாளர் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில் அதை அடைத்து வைத்திருந்தார். அப்படியானால் அடைத்த கதவைத் திறந்தவர் யார்?

ஒரு மனிதரும் அல்லர். ஒரு பொத்தான் மின்கலம். பயாஸின் அமைப்புகளையும் கடிகாரத்தையும் நினைவில் வைத்திருக்க, மதர்போர்டில் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. செருகி சுவரில் இருக்கும் காலத்தில் அதற்கு வேலை குறைவு. விடுமுறைக்குச் செல்லும்போது, இடி மின்னலுக்கு அஞ்சி நாம்தான் செருகியைப் பிடுங்கி வைத்துச் சென்றோம். முன்பே நலிந்திருந்த மின்கலம் அந்த இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிட்டது. பயாஸ் தன் நினைவை இழந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் அமைப்புகளுக்கே திரும்பிற்று. அவற்றின்படி பலகையின் ஒலிச் சில்லு திறந்திருக்க வேண்டும். விண்டோஸ் அதைப் புதிய விருந்தாளியாகக் கண்டு, தலைவாயிலில் அமர்த்தி, ஓசையெல்லாம் அதன் வழியே அனுப்பத் தொடங்கிவிட்டது. நம் ஒலிபெருக்கியோ கீழே, பழைய அட்டையின் துளையில் காத்திருந்தது. இத்தனை நாளும் கணினி பேசிக்கொண்டேதான் இருந்தது. ஒருவரும் செருகாத துளை வழியாக.

விண்டோஸுக்குத் திரும்பி, ஒலிபெருக்கியின் செருகியை மேலேயுள்ள பலகையின் பச்சைத் துளைக்கு மாற்றினேன். மூன்று நாளாக ஒலி அளவை முழுதும் திருகி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். எழுந்த முழக்கத்தில் அடுத்த அறையிலிருந்து வங்காள நண்பர்கள் ஓடி வந்தனர்.

டிவைஸ் மேனேஜரிலும் அந்த இரண்டாம் பெயர் முதல் மாலையிலேயே இருந்திருக்கிறது. நான் மஞ்சள் குறியையே தேடியதால், குறியில்லாத அந்த வரியைப் படிக்கவில்லை. பிழைச் செய்தியையும் படிக்கவில்லை. தேதியோ கண்ணெதிரே இருந்தது. விடுமுறை முடிந்த முதல் நாளே தேதி தவறாக இருந்ததாகவும், தான் திருத்தியதாகவும் முதலாண்டுத் தம்பி ஒருவன் இப்போது சொல்கிறான்.

மின்கலத்தை எடுத்து அண்ணனின் பன்னளவியில் அளந்தோம்: 2.1 வோல்ட். புதியது வாங்க ஆன செலவு, இருவர் தேநீர் பருகும் செலவிற்குமேல் இல்லை. கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்தினால் அமர்ந்துகொள்ளும். பிறகு பயாஸுக்குள் சென்று, தேதியைத் திருத்தி, பலகையின் ஒலிச் சில்லை மீண்டும் அடைத்து, எஃப்10 அழுத்திச் சேமித்தேன். விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில், ஓசைக்குரிய பகுதியில், கேட்பதற்கும் பதிவதற்கும் தனித்தனியே முதன்மைக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டிலும் பழைய அட்டையையே வைத்தேன். பலகையின் சில்லே பேசுகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்று தம்பி கேட்டான். ஐந்து நிமிடம் அதில் பதிந்து காட்டினேன். சுட்டியை அசைக்கும்போதெல்லாம் நாடாவின் ஓசையோடு ஒரு கிறீச்சொலியும் கலந்து வந்தது. அவனே அடைத்துவிடச் சொன்னான்.

1991 நாடாவின் முதற்பக்கம் அன்றிரவே பதிவாயிற்று. நடுவரின் முன்னுரை நீளம். மின்விசிறியின் இரைச்சலும் உண்டு. இருபத்தேழாவது நிமிடத்தில் அந்த நண்பர் எழுந்து பேசுகிறார். முதல் வாக்கியத்திலேயே அவை சிரிக்கிறது. கோப்பைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டோம். இரண்டாம் பக்கத்தில் அவருடைய மறுமொழி இருக்க வேண்டும். நாடாவின் பூஞ்சையைத் துடைத்த பின்னரே அதை ஓட்டலாம். வரும் சனிக்கிழமை மாலை அவ்வேலை நடக்கும். கைகொடுக்க வருவோர், கணினியை இயக்கியதும் மூலையிலுள்ள தேதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குக.