பழைய காரில் எந்த தெர்மோஸ்டாட் இருக்கிறது?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் பழைய கார் வாங்குகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், கிளட்சைப் பார்ப்பார்கள், ஏசியைப் போட்டுப் பார்ப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கேட்பவர் குறைவு. கேட்டாலும், "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்? கழட்டிட்டாங்க" என்ற பதில் வருவதுண்டு. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா, இருந்தால் எத்தனை டிகிரியில் திறப்பது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

வெயில் ஊருக்கும் ஏன் வேண்டும்?

தெர்மோஸ்டாட் என்பது சூட்டில் தானாகத் திறக்கும் வால்வு. அதன் குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருப்பதால் கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். குறித்த சூடு வந்ததும் மெழுகு உருகி, விரிந்து, வால்வைத் தள்ளித் திறக்கும். அதன் பிறகே கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். 1930-களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த மெழுகு முறைதான் இன்றைய கார்களிலும் இருக்கிறது.

சென்னை வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் இன்ஜினுக்கு வேண்டிய சூடு அதைப் போல இரண்டு மடங்கு. தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி ஜிஎஸ்டி சாலையில் வேகமெடுத்துக் காற்று வாங்கும்போது அந்தச் சூட்டை எட்டாமலே ஓடும். இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாக எடுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டித் தரும். மைலேஜ் இறங்கும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு சேரும்.

சில தெர்மோஸ்டாட்டுகளின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். வால்வு திறக்கும்போது, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பிவிடும் குறுக்கு வழியை அது அடைக்கும். இந்த வகையைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பகுதி ஆறாமலே இன்ஜினுக்குத் திரும்பும். ஹீட் ஆகக் கூடாது என்று கழற்றிய வண்டி, அதனாலேயே டிராஃபிக்கில் ஹீட் ஆகலாம்.

கழற்றாமலே பார்ப்பது

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் இன்ஜின் சூடேறும்வரை ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெதுவாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அவற்றில் இந்தச் சோதனையைக் கீழ் ஹோஸில் செய்ய வேண்டும்.

டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். பல கார்களில் சூடு ஓரளவு ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த கார் என்றால் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, கூலன்ட் சூட்டை நேரடியாகப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் சற்று இறங்கி நிலைக்கும். கிட்டத்தட்ட அதுதான் உங்கள் தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு. ஸ்கேனரில் 'பி0128' என்ற பிழைக் குறியீடு வந்தால், இன்ஜின் அந்தச் சூட்டை எட்டவில்லை என்று பொருள்.

சாவி போட்டதுமே, ஏசி போடாத நிலையிலும், ரேடியேட்டர் விசிறி ஓடுகிறதா? ஃபேனை யாரோ 'டைரக்ட்' செய்திருக்கலாம், அதாவது இன்ஜின் சூட்டைப் பொருட்படுத்தாமல் எப்போதும் ஓடும்படி இணைத்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் தெர்மோஸ்டாட்டையும் அவசியம் சரிபாருங்கள்.

கழற்றிப் பார்த்தால்

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஹோஸ் இன்ஜினைச் சேரும் இடத்தில் இரண்டு மூன்று போல்ட் போட்ட மூடிக்குள் தெர்மோஸ்டாட் இருக்கும். அதன் விளிம்பிலோ குப்பியிலோ 82, 88 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். அது திறக்கத் தொடங்கும் சூடு.

காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது ஏன் போதாது என்பதற்கு சுசூகியே சாட்சி. நம் ஜிப்ஸியின் நெருங்கிய உறவான சாமுராயின் கையேடு இரண்டு வகைகளைச் சொல்கிறது. ஒன்று 82-இல் திறக்கத் தொடங்கி 95-இல் முழுதாகத் திறக்கும். மற்றது 88-இல் தொடங்கி 100-இல் முழுதாகத் திறக்கும். பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு மாற்றச் சொல்கிறது கையேடு.

எண் அழிந்திருந்தால் அடுப்பில் தெரிந்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். வால்வு அசையும் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் முன்பு மாட்டியவர் தவறானதை மாட்டியிருக்கலாம். எனவே கண்டுபிடித்த எண்ணை உங்கள் இன்ஜினின் கையேட்டோடு ஒப்பிடுவது அவசியம்.

சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் பிளாஸ்டிக் கூட்டோடு ஒரே துண்டாக வரும். அங்கே கூட்டின் மேலிருக்கும் பார்ட் நம்பரே அடையாளம். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022 ஜூலையில் கார் உற்பத்தி நின்றது. அங்கே உருவான ஐகானும் ஃபிகோவும் இந்தப் பக்கம் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றுக்கு வாங்கும்போது பழைய பாகத்தையும் சேஸிஸ் நம்பரையும் கையோடு கொண்டுபோங்கள்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

ஹீட் ஆகிறது என்பதற்காகக் குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் வாங்குவதில் பயனில்லை. முழுதாகத் திறந்த பிறகு 82-உம் 88-உம் ஒன்றுதான். அதற்குமேல் சூட்டைக் குறைக்க வேண்டியவை ரேடியேட்டரும் விசிறியும் வாட்டர் பம்பும். கோளாறை அங்கே தேடுங்கள். விட்டத்தையும் அடித்தட்டையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். காற்று வெளியேறும் சிறு ஓட்டை மேல்பக்கம் வர வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு படிந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும். கூலன்டோடு டிஸ்டில்ட் வாட்டர் கலந்து ஊற்றுங்கள்.

மாற்றிய தேதி, கிலோமீட்டர், பொறித்த எண் மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாளை இந்தக் காரை உங்களிடம் வாங்குகிறவருக்கு இத்தனை சோதனையும் தேவைப்படாது.