வண்டி ஓட்டும் தம்பியை அழைக்காதீர்கள்!

நமது வியாபாரத்தில் வண்டி இல்லாமல் இன்று எதுவும் நடப்பதில்லை. மொத்தக் கடையிலிருந்து சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு இறக்கக் குட்டியானை போகிறது. ஆர்டர் எடுக்கவும் வசூலுக்கும் சிப்பந்தி மோட்டார் சைக்கிளில் போகிறார். மளிகைக் கடைகளிலும் வீட்டுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் பெருகிவிட்டது. இத்தனை பேர் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிறது. வண்டி ஓட்டும்போது அதில் பேசுவது ஆபத்து என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அந்த நேரத்தில் அவர்களை அழைப்பவர் யார்? பெரும்பாலும் நாம்தான்.

"எங்கே வந்துக்கிட்டிருக்கே?" என்று மொத்தக் கடையிலிருந்து ஓர் அழைப்பு. "தம்பி, நம்ம கடைக்குச் சீனி மூட்டை எப்ப வரும்?" என்று சில்லறைக் கடை அண்ணாச்சியிடமிருந்து ஒன்று. "பழைய பாக்கி வாங்கியாச்சா?" என்று கணக்குப்பிள்ளையிடமிருந்து இன்னொன்று. முதலாளியின் நம்பர் தெரிந்தால் எந்தப் பையன் எடுக்காமல் இருப்பான்? எடுக்காவிட்டால் சாயங்காலம் ஏச்சு விழும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே இந்தப் பழக்கத்தை மாற்றும் வேலை கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

சில வினாடிகளின் கணக்கு

கணக்குப் பார்ப்பது நமக்குப் பழக்கமானது, இதையும் பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. போனில் யார் பெயர் என்று பார்க்க 3 வினாடி குனிந்தால் 50 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே போகிறோம். ஊருக்குள் 40 கி.மீ. வேகம் என்றாலும் அதே 3 வினாடியில் 33 மீட்டர். அதற்குள் பள்ளிப் பிள்ளை குறுக்கே வரலாம், முன்னால் போகும் பஸ் நிற்கலாம். பாரம் ஏற்றிய வண்டி பிரேக் போட்டதும் நின்றுவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"கையில் பிடிக்காமல் காதில் மாட்டிப் பேசினால் சரிதானே?" என்று பலர் கேட்கிறார்கள். கனடாவின் டொராண்டோ நகரில் செல்போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்பு விவரங்களை ஆராய்ந்து, 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். போன் பேசும் நேரத்தில் விபத்து அபாயம் சுமார் 4 மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்குத் தனியாக எந்தப் பாதுகாப்பும் காணப்படவில்லை என்றும் அதில் தெரிந்தது. காரணம் எளிது. கை ஸ்டீயரிங்கில் இருந்தாலும் மனம் பாக்கிக் கணக்கில் இருக்கிறது.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு 2019-ல் திருத்தப்பட்டது. அதன்படி ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவது ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேரும். முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் உள்ளது. வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதி இருக்கிறது. அதுவும் ஓட்டுபவரின் கவனம் கலையாத வகையில்தான். இது தவிர, ஓட்டும்போது போன் பேசியவரின் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்கும்படி உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பண்டிகைச் சீசனில் நம் ஓட்டுநரின் லைசென்ஸ் 3 மாதம் நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டு வழக்கில் ஓட்டுநரோடு வண்டி உரிமையாளரும் பிரதிவாதி ஆவார். வண்டி காவல் நிலையத்தில் நிற்கும், சரக்கு தேங்கும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும். இன்ஷூரன்ஸ் பணத்தைத் தந்தாலும் போன உயிரையோ முறிந்த காலையோ தராது. 2022-ல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். நம் கடைப் பையன்கள் அதிகம் ஓட்டுவதும் அந்த வாகனத்தைத்தான்.

கடையில் செய்ய வேண்டியவை

1. வண்டி கிளம்பும் முன்பே ஒரு சீட்டில் எந்தெந்தக் கடை, எந்த வரிசை, என்ன சரக்கு, எவ்வளவு பாக்கி என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வழியில் வரும் அழைப்புகளில் பாதி, காலையில் சொல்ல மறந்தவற்றைச் சொல்வதற்காகவே வருகின்றன.

2. கடை, ஓட்டுநரை அழைக்கக் கூடாது. ஓட்டுநர்தான் கடையை அழைக்க வேண்டும். ஒவ்வொரு கடையிலும் சரக்கை இறக்கியபின், வண்டியைக் கிளப்பும் முன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவசரமானால் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.

3. லோடுமேன் கூடப் போகிறார் என்றால் போன் அவரிடம் இருக்கட்டும். தனியாகப் போகிறவர் சத்தத்தை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

4. பில்லில் ஓட்டுநர் நம்பரை அச்சிடாதீர்கள். கடை நம்பர் மட்டும் இருக்கட்டும். சரக்கு தாமதமானால் சில்லறை வியாபாரிகளும் மொத்தக் கடையைக் கேட்க வேண்டுமே தவிர ஓட்டுநரைக் கேட்கக் கூடாது.

5. வசூல் பணத்தை எண்ணுவதும், போனில் பணம் ஏறிவிட்டதா என்று பார்ப்பதும் அந்தக் கடை வாசலிலேயே முடிய வேண்டும். கணக்கு உதைக்கிறது என்ற நினைப்போடு வண்டியை எடுத்தால், போனைத் தொடாமலே கவனம் சிதறும்.

6. மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரில் பையைத் தொங்கவிடாமல், பின்னால் பெட்டி பொருத்திக் கொடுங்கள். சரியும் பையைப் பிடிக்கக் குனிவதும் போனைப் பார்க்கக் குனிவதும் ஒன்றே.

7. "ஓட்டிக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை" என்று சொல்பவரை ஏசாதீர்கள். ஒரு நாள் ஏசினால் மேலே சொன்ன ஆறும் வீணாகும்.

இதனால் வியாபாரம் கெடுமோ என்ற பயம் சிலருக்கு இருக்கலாம். பத்து நிமிடம் கழித்துப் பதில் சொன்னதற்காக நெடுநாள் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போவதில்லை. "வண்டி இத்தனை மணிக்கு வரும்" என்று காலையிலேயே சொல்லிவிட்டால் அவர் அழைக்கவே தேவை இராது.

கடைசியாக ஒன்று. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டே கடைக்கு வரும் முதலாளி, பையனுக்குப் புத்தி சொன்னால் எடுபடாது. நாம் முதலில் நிறுத்தினால் அவன் தானே நிறுத்துவான். அந்தப் பையனைப் பெற்றவர்கள் நம்மை நம்பித்தான் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாளைக் காலை வண்டி கிளம்பும்போது சீட்டை எழுதிக் கொடுங்கள். அது திரும்பி வரும்வரை ஓட்டுநரின் நம்பரை அழுத்தாதீர்கள்.